ஃபேன் பிட்டா, நாற்காலியா, கடைசி வரிசையா, அரங்கமா: சினிமா இசைக் கச்சேரிக்கு எந்த டிக்கெட்?

பெரிய இசையமைப்பாளர் ஒருவர் சென்னையில் கச்சேரி செய்யப்போகிறார் என்று அறிவிப்பு வந்த அன்று மாலையே வாட்ஸ்அப்பில் அந்த வரைபடம் சுற்ற ஆரம்பித்துவிடும். மேலே மேடை, அதை ஒட்டி ஒரு கட்டம், அதற்குப் பின்னால் கலர் கலராக இன்னும் நான்கைந்து கட்டங்கள். பிளாட்டினம், டைமண்ட், கோல்டு, சில்வர் என்று பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. கூடவே கேள்விகளும் வரும். முன்னாடி நிற்கிற டிக்கெட் எடுக்கலாமா, கொஞ்சம் பின்னாடி உட்கார்ந்து கேட்கலாமா? அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா? இவ்வளவு காசு கொடுப்பதற்குப் பதில் ஏதாவது ஒரு ஹாலில் நடக்கும் மெல்லிசைக் கச்சேரிக்குப் போனால் என்ன?

விற்பனை திறந்த பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது. மீதி இருக்கும் கட்டம் எதுவோ அதை அவசரத்தில் அழுத்திவிட்டு, கச்சேரி அன்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. அதனால் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை விற்பனைக்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

நான் எந்தப் பக்கம் நின்று எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கச்சேரி என்றால் முதலில் காதுதான். கூட்டமாகச் சேர்ந்து பாடும் சந்தோஷம் எனக்கும் பிடிக்கும். ஆனால் இடையிசையில் வயலின்கள் எழும்பி வரும் இடம் சத்தத்தில் அமுங்கிப்போனால் மனசு ஆறாது. இந்த ஒப்பீட்டில் அந்தச் சாய்வு இருக்கும்.

## எதையெல்லாம் வைத்து எடைபோடுவது

காது. பாடகர் குரலும் வாத்தியங்களும் தனித்தனியாகத் தெரிகின்றனவா, இல்லை ஒரே இரைச்சலாக வந்து மோதுகின்றனவா? எவ்வளவு சத்தம் என்பதும் முக்கியம். கச்சேரி நடக்கும் இடங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஒரு வரம்பு சொன்னது: 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. பெரிய ஸ்பீக்கர்களுக்கு நேர் முன்னால் நின்றால் அந்த வரம்பைத் தொடுவது சாதாரணம்.

கண். மேடையில் இருக்கும் ஆட்களைப் பார்க்கிறோமா, எல்.இ.டி. திரையைப் பார்க்கிறோமா?

உடம்பு. நிற்பது, காத்திருப்பது, தண்ணீர், கழிப்பறை. டிக்கெட் பக்கத்தில் எங்கும் எழுதியிருக்காத விஷயம் இது. மறுநாள் வரை நினைவில் நிற்பதும் இதுதான்.

வீடு திரும்புவது. எல்லாருக்கும் கச்சேரி ஒரே நேரத்தில் முடிகிறது. எல்லாரும் ஒரே வாசல் வழியாக வெளியே வருகிறார்கள்.

மொத்தச் செலவு. டிக்கெட் விலை இதில் ஒரு பகுதிதான்.

கூட வருபவர்கள். கல்லூரி நண்பர்களோடு போவதும், எட்டு வயதுக் குழந்தையோடு போவதும், முழங்கால் வலி உள்ள அப்பாவோடு போவதும் மூன்று வேறு கச்சேரிகள்.

## முதலில் மைதானம், அப்புறம்தான் டிக்கெட்

எந்தக் கட்டம் என்று பார்ப்பதற்கு முன்னால் எந்த இடம் என்று பாருங்கள். பல ஆண்டுகளாகக் கச்சேரிகளுக்குப் போய்வந்த பிறகு இதைத்தான் முதல் விதியாக வைத்திருக்கிறேன்.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்றால் பக்கத்திலேயே மெட்ரோ நிலையம். தீவுத்திடல் என்றால் அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்து நடந்துவிடலாம். பெரியமேடு நேரு விளையாட்டரங்கம் சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரம்தான். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) நடக்கும் கச்சேரி வேறு கதை. அங்கே மெட்ரோ இல்லை, ரயில் இல்லை, இருப்பது ஒரே சாலை.

2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரகுமான் கச்சேரியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 12 அன்று நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. தள்ளிவைத்த நாளிலும் ஈ.சி.ஆர். ஸ்தம்பித்தது. டிக்கெட் கையில் வைத்திருந்த எத்தனையோ பேர் உள்ளே நுழையவே முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பாட்டைச் சொல்லிப் பலர் கொதித்துப்போய் எழுதினார்கள். உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லி ரகுமானே கேட்டுக்கொண்டார். அன்று பிளாட்டினமும் சில்வரும் ஒரே சாலையில்தான் மாட்டிக்கொண்டன. விலை உயர்ந்த டிக்கெட் வாசல் வரைக்கும் உங்களைக் கொண்டுபோய் விடாது.

இடம் மாறுவதற்கும் தயாராக இருக்க வேண்டும். அனிருத்தின் ‘ஹுக்கும்’ கச்சேரி 2025 ஜூலை 26 அன்று திருவிடந்தையில் நடப்பதாக இருந்தது. பிறகு ஆகஸ்ட் 23க்கு மாறி, கூவத்தூர் பக்கம் மார்க் ஸ்வர்ணபூமியில் நடந்தது. திருவிடந்தை கோவளத்தை அடுத்து வருகிறது. கூவத்தூர் கல்பாக்கத்தையும் தாண்டி இருக்கிறது. இரவு திரும்பி வரும் கணக்கு அடியோடு மாறிவிடும்.

இன்னொன்று, திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படிச் சொல்கின்றன. விழா நாட்களுக்குச் சில விலக்குகள் உண்டு, ஆனால் பொதுவாகப் பத்து மணிக்குள் முடித்தாக வேண்டும். ஆறரைக்குத் தொடங்க வேண்டிய கச்சேரி எட்டுக்குத் தொடங்கினால் பாட்டுகள்தான் குறையும். கடைசியில் ஐந்து பாட்டைக் கோத்து ஒரே மெட்லியாக முடித்துவிடுவார்கள்.

## ஃபேன் பிட்: மேடையை ஒட்டி நிற்பது

இதற்கு ஈடு எதுவும் இல்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. மேடையிலிருந்து பத்தடியில் நின்றால் திரையில் ஒருபோதும் காட்டாதவற்றை எல்லாம் பார்க்கலாம். பாடகருக்கு விளக்கு விழும் நேரத்தில், குழல் வாசிப்பவர் இருட்டில் குனிந்து அடுத்த பாட்டின் சுருதிக்கு வேறு குழலை எடுப்பார். உதட்டைத் துடைத்துக்கொண்டு, மைக்குக்கு வெளியே மெதுவாக ஒரு ஸ்வரம் ஊதிப் பார்ப்பார். டிரம்மர் கண்ணைக் காட்டினால் பேஸ் கிடார்காரர் தலையசைப்பார். கோரஸ் பெண்களில் ஒருவர் தனக்கு வேலை இல்லாத சரணத்திலும் சத்தமில்லாமல் வாயசைத்துப் பாடிக்கொண்டிருப்பார். இத்தனை பேர் சேர்ந்து ஒரு பாட்டை எழுப்புகிறார்கள் என்பது கண்ணெதிரே தெரியும்.

அப்புறம் சுற்றி நிற்கும் கூட்டம். பல்லவியைப் பாடகர் விட்டுக்கொடுத்து மைக்கை நீட்டும்போது, முதல் ஆளாக அதை வாங்கிப் பாடுவது இந்த இடம்தான்.

ஆனால் கேட்பதற்கு இது நல்ல இடம் இல்லை. பெரிய ஸ்பீக்கர் வரிசைகள் மேடையின் இருபுறமும் உயரத்தில் தொங்கும். அவை குறிவைப்பது மைதானத்தின் நடுப்பகுதியை. உங்கள் தலைக்கு மேலே ஒலி பறந்துபோகும். உங்களுக்குக் கிடைப்பது மேடைக்கு அடியில் அடுக்கியிருக்கும் பேஸ் பெட்டிகளின் அதிர்வு. நெஞ்சு அதிரும், பாடல் வரி புரியாது. முன்வரிசைக்காகச் சின்ன ஸ்பீக்கர்கள் வைத்திருந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். வைத்திருக்கிறார்களா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு காசில் இல்லை, உடம்பில் இருக்கிறது. ஃபேன் பிட் டிக்கெட் எடுத்தால் மேடை ஓரம் நிச்சயம் என்று நினைத்துவிட வேண்டாம். கட்டத்துக்குள் யார் முன்னால் போகிறார்களோ அவர்களுக்குத்தான் கம்பி ஓரம். அதனால் மூன்று, நான்கு மணிக்கே வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். அதிலிருந்து பத்து மணி வரை கால் கடுக்க நிற்பதுதான். நடுவில் கழிப்பறைக்குப் போனால் அந்த இடம் போச்சு. அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் நிற்கிறார்கள், சென்னைப் புழுக்கத்தில் மயங்கி விழுவது அப்படித்தான். உயரம் குறைவாக இருந்தால் உங்களுக்கு முன்னால் இருப்பது மேடை அல்ல, செல்போன் பிடித்த கைகள். பெண்கள் தனியாகவோ இரண்டு பேராகவோ போவதாக இருந்தால் கட்டத்தின் நடுவை விட, பாதுகாவலர்கள் நிற்கும் பக்கவாட்டுக் கம்பி ஓரம் நல்லது. மூச்சு விடவும் இடம் இருக்கும், வெளியே வரவும் வழி இருக்கும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பானை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டு கேட்காமல் போகாது, கூர்மையான இரைச்சல்தான் குறையும். மறுநாள் காதில் ‘ங்ங்’ என்று ரீங்காரம் கேட்டால், காது அடி வாங்கியிருக்கிறது என்று பொருள்.

எப்போது இது சரி: உங்களுக்கு இருபதுகளில் வயது, கூட நண்பர்கள் பட்டாளம், மறுநாள் விடுமுறை, அந்த இசையமைப்பாளரின் எல்லாப் பாட்டும் மனப்பாடம். கேட்டதைத் திரும்பக் கேட்கவும் கூடப் பாடவும் போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். துள்ளல் பாட்டுகள் நிறைந்த கச்சேரிக்கு இது பொருந்தும். மெலடிகளுக்காகப் போகிறீர்கள் என்றால் பொருந்தாது.

## நடு நாற்காலி: மிக்ஸர் மேசைக்குப் பக்கம்

மைதானத்தின் நடுவில், மேடைக்கு நேர் எதிரே ஒரு சின்னக் கூடாரம் போட்டிருப்பார்கள். உள்ளே நீளமான மிக்ஸர் மேசை, அதன் முன்னால் ஒலிப்பொறியாளர். கச்சேரி முழுக்க எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஆள் அவர். எங்கே உட்கார்ந்து கேட்டுத் தீர்மானிக்கிறார்? அங்கேயே. அவர் காதுக்குச் சரியாக இருக்கும் ஒலி, அவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் காதுக்கும் சரியாக இருக்கும். கச்சேரியின் மிகச் சிறந்த ஒலி அந்தக் கூடாரத்துக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் இருக்கும் சில வரிசைகளுக்குத்தான். டிக்கெட் விலைப்பட்டியலில் இந்த இடம் பெரும்பாலும் நடுத்தர விலையில் இருக்கும். என்னைக் கேட்டால் மைதானத்திலேயே காசுக்கு மதிப்புள்ள இடம் இதுதான்.

ஒருமுறை அந்தக் கூடாரத்தை ஒட்டியே இடம் கிடைத்தது. சரணம் முடிந்து இடையிசை தொடங்க ஒரு நொடி இருக்கும்போதே பொறியாளரின் விரல் ஒரு பொத்தானை மேலே தள்ளியது. அடுத்த கணம் ஒற்றை வயலின் எல்லாவற்றுக்கும் மேலே எழும்பி வந்தது. வாசித்து முடித்ததும் விரல் இறங்கியது. பாட்டை அவரும் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. முதலாவது, நாற்காலிக்கு எண் இருக்கிறதா இல்லையா என்பது. ‘சீட்டிங்’ என்று போட்டிருப்பார்கள், ஆனால் அது அந்தக் கட்டத்துக்கான அனுமதி மட்டும்தான். எண் இல்லையென்றால் முதலில் வந்தவருக்கு முதல் நாற்காலி. ஆறு மணிக்குச் சாவகாசமாக வரலாம் என்று நினைத்தவர்கள் ஓரத்தில் ஸ்பீக்கர் கோபுரத்துக்குப் பின்னால் உட்கார வேண்டியதுதான். டிக்கெட் பக்கத்தில் வரிசை எண்ணும் இருக்கை எண்ணும் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். கட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் சீக்கிரம் போகத் தயாராகுங்கள்.

இரண்டாவது, எழுந்து நிற்பது. சமதரையில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் ஒருவர் எழுந்தால் பின்னால் வரிசை வரிசையாக எல்லாரும் எழ வேண்டியதுதான். ஒரு கச்சேரியில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர்களைக் கூப்பிட்டும் யாரும் வரவில்லை. பக்கத்தில் பேரனோடு வந்திருந்த ஒரு பெரியவர் கடைசி ஐந்தாறு பாட்டுகளைத் திரையைக்கூடப் பார்க்க முடியாமல் கேட்டார். வயதானவர்களோடு போனால் கட்டத்தின் முதல் வரிசையோ நடைபாதை ஓர நாற்காலியோ கிடைக்கிறதா என்று பாருங்கள்.

செலவில், இங்கே உணவு சேர்ந்துகொள்ளும். வெளியிலிருந்து தண்ணீர் பாட்டில்கூட விடமாட்டார்கள் பல இடங்களில். உள்ளே வாங்குவதற்கு வரிசையில் நின்றால் இரண்டு பாட்டு போய்விடும். தொடங்குவதற்கு முன்பே சாப்பாட்டை முடித்துக்கொள்வதுதான் வழி.

எப்போது இது சரி: வாத்தியங்களைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தவர்கள், முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு வரும் கச்சேரி, கணவன் மனைவியாகப் போகிறவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள். இளையராஜா மாதிரி இடையிசைக்காகவே கொண்டாடப்படுபவரின் கச்சேரி என்றால் நான் வேறு எதையும் யோசிக்கமாட்டேன்.

## கடைசி வரிசை

விலை குறைவு என்பதற்காக மட்டும் இதை ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால் எந்தக் கடைசி வரிசை என்று பாருங்கள்.

திறந்த மைதானத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நின்றால் பாட்டு உங்களுக்கு அரை நொடி தாமதமாக வரும். திரையில் பாடகரின் உதடு மூடிவிடும், குரல் அப்புறம்தான் வரும். நல்ல ஏற்பாட்டில் நடுவே கோபுரம் நட்டுத் தனி ஸ்பீக்கர்கள் கட்டி, இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டு ஒலியை விடுவார்கள். சிக்கனம் பிடித்தால் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். காற்று அடிக்கும் கடற்கரைப் பக்கம் என்றால் குரல் போய்ப் போய் வரும். கடைசி வரிசைக்காரர்கள் கச்சேரி பாதியில் ‘கேக்கல, கேக்கல’ என்று கத்துவது இதனால்தான்.

அதே விலையில் நேரு விளையாட்டரங்கத்தின் உள்ளரங்கம் மாதிரி இடத்தில் மேலே கேலரி கிடைத்தால் அது வேறு. உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் யார் தலையும் மறைக்காது, மேடை முழுசாகத் தெரியும். எதிரொலி கொஞ்சம் இருக்கும்; அடித்து வாசிக்கும் பாட்டுகள் குழம்பும், மெதுவான பாட்டுகள் தப்பிக்கும். சமதரையின் கடைசிக்கும் கேலரியின் கடைசிக்கும் நடுவில் தேர்வு என்றால் கேலரிதான்.

இந்த இடத்துக்கு இருக்கும் பெரிய பலம் சுதந்திரம். குழந்தை தூங்கிவிட்டால் துணி விரித்துப் படுக்க வைக்கலாம். கழிப்பறைக்கு யாரையும் தாண்டாமல் போகலாம். கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டில் எழுந்து கிளம்பினால் நெரிசலுக்கு முன்னால் மெட்ரோவைப் பிடித்துவிடலாம். முன்வரிசைக்காரர்கள் வாசலுக்கு வந்து சேரும்போது நீங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

எப்போது இது சரி: முதல்முறை போகிறவர்கள், சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பம், நண்பர்கள் கூப்பிட்டதற்காகப் போகிறவர்கள். குழந்தைகளுக்கு அந்தத் தூரமே காதுக்குப் பாதுகாப்பும்கூட.

## அரங்கத்தில் மெல்லிசைக் கச்சேரி

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அசல் இசையமைப்பாளரும் அசல் பாடகரும் இல்லாத கச்சேரி இரண்டாம்தரம் என்ற எண்ணம். தமிழ்நாட்டில் மேடைக் கச்சேரி வளர்ந்ததே குழுக்களால்தான். இளையராஜாவே அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராக மேடை ஏறி வந்தவர். மற்றவர்களின் பாட்டைக் கேட்டு, ஸ்வரம் பிசகாமல் மேடையில் திருப்பி வாசிப்பது ஒரு தனிக் கலை. அதைச் சிறப்பாகச் செய்கிற குழுக்கள் இன்றும் இருக்கின்றன.

ராணி சீதை ஹால், வாணி மஹால், நாரத கான சபா, காமராஜர் அரங்கம் மாதிரி இடங்களில் நடக்கும் பழைய பாடல் கச்சேரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கை எண் உண்டு, குளிர்சாதனம் உண்டு, கழிப்பறை பத்தடியில். மூன்று மணி நேரத்தில் முடியும். எம்.எஸ்.விஸ்வநாதன் பாட்டில் வரும் ஒற்றை அக்கார்டியனை யாரோ ஒருவர் உண்மையிலேயே மடியில் வைத்து வாசிப்பதை ஆறாவது வரிசையிலிருந்து பார்க்கலாம். துருத்தி விரிந்து சுருங்குவது தெரியும். மைதானத்தில் அதே பகுதியைக் கீபோர்டிலோ ஏற்கெனவே பதிவு செய்த டிராக்கிலோ ஓட்டிவிடுவதும் உண்டு.

அம்மாவை இப்படி ஒரு கச்சேரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். இடைவேளையில், "ஏன்டா, அந்தப் பொண்ணு சுசீலா பாட்டை மூச்சு விடாம எடுத்துச்சே, கவனிச்சியா?" என்று கேட்டார். மைதானக் கச்சேரியில் யாருக்கும் அந்த மூச்சு கேட்டிருக்காது.

குறைகளும் உண்டு. பாடகர் அசல் குரலைப் போலப் பாட முயன்று நடிப்பாகிவிடும் நேரங்கள் இருக்கும். சில குழுக்களில் தொகுப்பாளர் பாட்டை விட அதிகம் பேசுவார், நடுவே பொன்னாடைகளும் பாராட்டு உரைகளும் வரும். ஹால் சின்னது என்பதை மறந்து ஒலியைத் தூக்கி வைத்துவிட்டால் தப்பிக்க இடமில்லை. டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்தக் குழுவின் காணொளி ஒன்றைத் தேடிப் பாருங்கள். எத்தனை வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணினாலே பாதி தெரிந்துவிடும்.

ஒரே ஒரு விஷயத்தில் மைதானக் கச்சேரிக்கு நிகராக இது வராது. எஸ்.பி.பாலசுப்ரமணியம் 2020இல் போனார், வாணி ஜெயராம் 2023இல் போனார். இனி அவர்கள் குரலை மேடையில் கேட்க எந்த டிக்கெட்டும் கிடையாது. உங்களுக்குப் பிரியமான பாடகர் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார், அவரை ஒருமுறை நேரில் கேட்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது என்றால், விலையைப் பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம். கடைசி வரிசை கிடைத்தாலும் போய்விடுங்கள்.

எப்போது இது சரி: பெற்றோரைக் கூட்டிப்போக, பழைய பாடல்களுக்காக, உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்க, வருடத்தில் ஒன்றுக்கு மேல் போக நினைக்கிறவர்களுக்கு.

## ஒரே பார்வையில்

| | ஃபேன் பிட் | நடு நாற்காலி | கடைசி வரிசை | அரங்கம் |
|---|---|---|---|---|
| ஒலி | அதிர்வு அதிகம், தெளிவு குறைவு | மிகத் தெளிவு | மைதானத்தில் தாமதம், கேலரியில் எதிரொலி | தெளிவு, ஹாலைப் பொறுத்து |
| பார்வை | முகபாவம் வரை தெரியும், உயரம் வேண்டும் | மேடையும் திரையும் | திரை மட்டும், கேலரியில் மேடையும் | விரலசைவு வரை |
| உடம்புச் சிரமம் | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு | மிகக் குறைவு |
| எப்போது போக வேண்டும் | மதியமே | எண் இல்லையென்றால் சீக்கிரம் | தொடங்கும் நேரத்துக்கு | கால் மணி நேரம் முன் |
| வெளியே வருவது | கடைசியில் | நெரிசலோடு | முதலில் | எளிது |
| மறைமுகச் செலவு | உடம்பு, மறுநாள் வேலை | உணவு, காத்திருப்பு | பெரிதாக இல்லை | பெரிதாக இல்லை |

வீட்டிலிருந்தே பார்ப்பதையும் சிலர் கேட்கிறார்கள். 2025 ஜனவரி 26 அன்று அகமதாபாதில் நடந்த கோல்ட்ப்ளே கச்சேரியை ஹாட்ஸ்டாரில் நேரலையாகப் பார்த்தவர்கள் நம் ஊரிலும் உண்டு. நல்ல ஹெட்போன் இருந்தால் ஒலி அருமையாகவே இருக்கும். தமிழ்க் கச்சேரிகளுக்கு நேரலை அவ்வளவாகக் கிடைப்பதில்லை, அதனால் இதை ஒரு தேர்வாக நம்பியிருக்க முடியாது.

அம்மன் கோயில் திருவிழா மேடைக் கச்சேரியை மட்டும் விட மனசில்லை. டிக்கெட் இல்லை. மணலில் உட்கார்ந்து, பட்டாணி கொறித்துக்கொண்டு, தெரிந்த முகங்களுக்கு நடுவே கேட்பது. ஒலி ஊருக்கு ஊர் மாறும். நல்ல குழு வந்தால் எந்த அரங்கத்துக்கும் குறையாது. ஊரில் இருக்கிறீர்கள் என்றால் நோட்டீஸில் எந்தக் குழு என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

## பணம் கட்டும் முன்

டிக்கெட்டுக்கு மேல் வசதிக் கட்டணம் வரும். 500 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டியும் உண்டு. சில தளங்களில் முதலில் காட்டும் விலையில் இவை சேர்ந்திருக்காது. நான்கு பேருக்குச் சேர்த்து எடுக்கும்போது கடைசிப் பக்கத்தில் வரும் தொகை திகைக்க வைக்கும். வாகன நிறுத்தத்துக்குத் தனி டிக்கெட் விற்கிறார்களா என்றும் பாருங்கள். திரும்பி வரும்போது வாடகை கார் செயலிகளில் விலை ஏறியிருக்கும், பல நேரம் வண்டியே கிடைக்காது. மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும். நந்தனம் மாதிரி இடத்தில் அது போதும், ஈ.சி.ஆரில் அது உதவாது. அங்கே நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி பேசிக் காத்திருக்கச் சொல்வதுதான் மலிவு.

கியூஆர் குறியீட்டை வீட்டிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் இடத்தில் இணையம் படுத்துவிடும். டிக்கெட் தளம் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காது என்று சொல்லியிருந்தால் செயலியை முன்கூட்டியே திறந்து வையுங்கள். வெளியாரிடம் கைமாற்றி டிக்கெட் வாங்க வேண்டாம். ஒரே குறியீட்டைப் பத்துப் பேருக்கு விற்றிருப்பார்கள், வாசலில் முதலில் காட்டியவருக்குத்தான் கதவு திறக்கும்.

தேதி மாறினால் பணம் திரும்ப வருமா, இல்லை அதே டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லுமா என்ற வரியை மட்டும் தவறாமல் படியுங்கள். புதிய தேதியில் வர முடியாதவர்களுக்கு என்ன என்று எழுதியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் திறந்தவெளிக் கச்சேரி என்றால் மழைக்கு என்ன ஏற்பாடு என்றும் பாருங்கள். அந்த மாதங்களில் நான் அரங்கத்தையே தேர்ந்தெடுப்பேன்.

மதுரை, நெல்லையிலிருந்து வருபவர்களுக்குக் கணக்கு வேறு. பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரி இரவு ரயில்கள் கச்சேரி முடிவதற்கு முன்பே எழும்பூரை விட்டுக் கிளம்பிவிடும். அப்படியென்றால் ஓர் இரவு தங்கும் செலவையும், மறுநாள் ரயிலையும் டிக்கெட் விலையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையில் ஃபேன் பிட்டுக்கும் நடு நாற்காலிக்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகிவிடும், எது பிடிக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளலாம். அதே கலைஞர் கோவை கொடிசியாவுக்கோ மதுரைக்கோ வருவதாகப் பேச்சு இருந்தால், அறிவிப்பு வரும்வரை காத்திருப்பது அவர்களுக்கு எல்லாவற்றையும் விட நல்ல தேர்வு.